உறையை வெட்டாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, வேறு ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, அஞ்சல் துறைக் கண்காணிப்பாளர் அவர்களே, நேற்று இரவு முழுக்கக் காட்சிச் சட்டங்களைச் சுமந்த தம்பிமார்களே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். அலுவலர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கடைசியில் வைக்கிறேன்.

ரஷ்ய அஞ்சல் தலைகள், ரூபிள் நாணயங்கள், வாங்கும் விலை என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது!

முதலில் நாணயம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்காக 1977 முதல் வந்த ஒரு ரூபிள் நாணயங்கள் ஆறு. செம்பு–நிக்கல், 31 மில்லிமீட்டர், சுமார் 12.8 கிராம். 1978 கிரெம்ளின் நாணயத்தில் கோபுரக் கடிகாரத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். ரோமன் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு விழுந்த காசுகள் உண்டு. அதைத் தேடுகிறேன் என்று புளியும் பல்பொடியும் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், எண் தேயும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு! அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். நம்மூர்ப் புழுக்கத்தில் அது பச்சையாய்ப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டும். மைலார் என்னும் பாலியெஸ்டர் உறை போதும். விளிம்பையும் திருப்பிப் பாருங்கள்: 1988 என்றும் அதன் பக்கத்தில் ஆங்கில எச் போன்ற எழுத்தும் இருந்தால், முகப்பில் எந்த ஆண்டு இருந்தாலும் அது ‘நோவோதேல்’, அதாவது பின்னால் மறுபடி அடித்தது.

இனி அஞ்சல் தலை. ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். வடதுருவம் வழியாக மாஸ்கோவிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு ஒரே மூச்சில் பறக்கப் போகிறார் சோவியத் விமானி லெவனேவ்ஸ்கி. ஆண்டு 1935. புறப்படும் முன்பே அஞ்சல் துறைக்கு அவசரம்! அவர் படம் போட்ட 10 கோபெக் தலை கையிருப்பில் இருக்கிறது; நூறு கோபெக் ஒரு ரூபிள். அதன் மேலேயே பயணத்தின் பெயரையும் ஒரு ரூபிள் விலையையும் சிவப்பில் மேலச்சு போட்டார்கள். ஆகஸ்ட் 3-ல் விமானம் கிளம்பியது. பேரண்ட்ஸ் கடல் வரை போனது. எண்ணெய் ஒழுகியது, திரும்பிவிட்டது. பயணம் நடக்கவில்லை, தலை மட்டும் நடந்தது! சிலவற்றில் மேலச்சு தலைகீழ். சான்பிரான்சிஸ்கோ என்ற ரஷ்யச் சொல்லில் ‘பிரான்சிஸ்கோ’ என்பதன் முதலெழுத்து சிலவற்றில் சிறியது. இரண்டும் சேர்ந்திருந்தால் சேகரிப்பாளருக்குத் தூக்கம் போய்விடும். சும்மா கிடந்த பழைய 10 கோபெக் தலையில் போலி மேலச்சு அடிப்பவர்களுக்கும் அதனால்தான் தூக்கம் இல்லை. நிபுணர் சான்று இல்லாமல் கைவைக்காதீர்கள். பாவம் லெவனேவ்ஸ்கி, 1937-ல் மறுபடி கிளம்பி ஆர்க்டிக்கில் காணாமலே போனார்.

ஜார் காலத்துத் தலைகளைத் தண்ணீரில் போடுமுன் சாய்த்துப் பாருங்கள். 1909-க்குப் பின் வந்த பலவற்றில் சாய்சதுரக் கோடாக வார்னிஷ் தெரியும். கழுவி மறுபடி ஒட்டும் திருட்டைத் தடுக்கப் பூசியது. ஊறவைத்துத் தேய்த்தால் படமே கரையும். அங்கும் குரங்குதான்.

விலை பற்றிப் பேச நேரம் போதாது. நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆல்பத்தில் உள்ள சோவியத் தலைகளைப் புரட்டுங்கள். பலவற்றில் மூலையில் அழகாக முத்திரை, பின்னால் பசை அப்படியே. அது கடிதத்தில் ஏறியதே இல்லை, சேகரிப்பாளருக்கு விற்கவென்றே முத்திரையிட்டது. உண்மையில் கடல் கடந்து வந்த தலை எங்கே? மாஸ்கோ வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு எழுதிய நேயர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், அங்கிருந்து வந்த கடித உறையோடு! அதைத்தான் கத்தரிக்கோலால் வெட்டுகிறோம். தலை மிஞ்சும், தேதி, முகவரி, நம்மூர் வந்துசேர்ந்த முத்திரை எல்லாம் குப்பைக்கு. பிள்ளையார் பிடிக்கப் போய்…

அலுவலர் அவர்களே, இதுதான் விண்ணப்பம். மாவட்ட நூலகத்தில் ஓர் இரும்பு அலமாரி, வெயில் படாத சுவரோரம். அமிலமற்ற தாள் உறைகள் ஐந்நூறு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு பதிவேடு. உறைகளைக் கொண்டுவந்து கொடுக்க இங்கே பலர் இருக்கிறார்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.