கொடி இறங்கியது, கப்பல் போகவில்லை

வணக்கம் நேயர்களே. இலங்கைக்கு எப்போது சுதந்திரம் கிடைத்தது என்று கேட்டால் 1948 பெப்ரவரி 4 என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். சரிதான். அன்றைக்குத் திருகோணமலைத் துறைமுகம் யாருடைய கடற்படைக்குத் தளமாக இருந்தது, கட்டுநாயக்கவில் யாருடைய போர் விமானங்கள் நின்றன என்று கேட்டுப் பாருங்கள், பலர் யோசிப்பார்கள். எல்லாம் பிரித்தானியாவினுடையவை. கொடியை இறக்கிய பிறகும் ஒன்பது வருஷம் இருந்தார்கள்.

1947 நவம்பரிலேயே, அதாவது சுதந்திரம் கைக்கு வருவதற்கு முன்பே, பிரதமர் டி.எஸ். சேனநாயக்க பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். பிரித்தானியா இங்கே கடற்படை, விமானப்படைத் தளங்களை வைத்துக்கொள்ளலாம், தரைப்படையும் இருக்கலாம், எல்லாம் இருதரப்பு இணக்கத்தோடு. எத்தனை வருஷத்துக்கு? அது எழுதப்படவே இல்லை. வெள்ளைக்காரன் மிரட்டி வாங்கினான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது, பக்கத்தில் இருக்கிற பெரிய நாட்டைப் பற்றிய பயம் சேனநாயக்கவுக்கு நிறையவே இருந்தது. ஐ.நா.வில் சேர விண்ணப்பித்தபோது சோவியத் யூனியன் வீட்டோ போட்டது, இது உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்று கேட்டது. பனிப்போர்க் கணக்குத்தான், இலங்கை மேல் கரிசனை ஒன்றும் கிடையாது. ஆனாலும் கேள்வி சுருக்கென்று தைக்கிற கேள்வி. 1955 டிசெம்பர் வரை ஐ.நா. கதவு திறக்கவில்லை.

1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார், தளங்களைத் திருப்பிக் கேட்டார். துப்பாக்கிச் சூடு இல்லை, பேச்சுவார்த்தைதான். 1957 ஒக்டோபரில் திருகோணமலையும் நவம்பரில் கட்டுநாயக்கவும் கைமாறின. இன்றைக்கு நீங்கள் விமானம் ஏறப் போகிற கட்டுநாயக்க, அந்தப் பழைய பிரித்தானிய விமானப்படைத் தளம்தான்.

போனவர்கள் கட்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டா போவார்கள்? திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் போனால் தெரியும். காட்டுக்குள்ளே, மரம் செடி கொடிக்கு நடுவே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும், பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களுக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன, அப்போது எரிந்துபோன தாங்கியின் உருகிய இரும்பு இன்னமும் கிடக்கிறது. மிஞ்சியவை 99.

திருகோணமலைக் கோட்டையையும் பாருங்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே போர்த்துக்கேயர் கட்டியது, வாசல் கல்லில் பாண்டியர் சின்னமான இரட்டை மீன் இப்போதும் இருக்கிறது. அப்புறம் ஒல்லாந்தர், நடுவே கொஞ்சக் காலம் பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். இப்போது உள்ளே இலங்கை இராணுவ முகாம். கோணேசரைக் கும்பிடப் போகிறவர் இன்றைக்கும் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆட்சி எத்தனை தடவை மாறினாலும் அந்த இடத்தில் துவக்கு இல்லாத காலம் எது என்று தேட வேண்டியிருக்கிறது.

நல்ல துறைமுகம் இருந்தால் ஆளும் வருவான். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு இந்திய அமைதிப்படை வந்தது, கடைசிப் பிரிவு 1990 மார்ச்சில் கப்பலேறியதும் இதே திருகோணமலையில்தான். படை போய்விட்டது, அந்த ஒப்பந்தத்தோடு இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் நம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் போகவில்லை. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் இலங்கைத் துறைமுகங்களைக் கொடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது, திருகோணமலையின் பெயர் சொல்லியே இருக்கிறது. அந்த எண்ணெய்த் தாங்கிகளை இரண்டு நாடும் சேர்ந்து திருத்தி நடத்துவது என்பதும் அங்கேதான் தொடங்குகிறது, 2022 ஜனவரியில் 61 தாங்கிகளுக்குக் கூட்டு நிறுவனம் என்று முடிவாக 34 வருஷம் பிடித்தது.

சேனநாயக்க போட்டதைக் கிழிக்கப் பத்து வருஷத்துக்குள் ஒரு பண்டாரநாயக்க வந்தார். 1987 கடிதங்களை அப்படித் திறந்து வைத்துப் பேசிய ஆட்சியை நான் பார்க்கவில்லை. அவற்றிலும் முடிவுத் தேதி கிடையாது.