காற்றுச் சட்டத்தின் பல் எங்கே இருக்கிறது?

(திரையில்: ஆலைப் புகைபோக்கி, அதன் மேல் ஏறும் இரும்பு ஏணி)

வணக்கம். ஆலைப் புகை ஊருக்குள் வந்தால் யார் கேட்பது? அதற்கென்றே 1981இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: காற்று மாசுத் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம்.

இதற்கு அச்சாணி, இசைவாணை. மாநில அரசு அறிவித்த கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் ஆலை அமைக்கவும் ஓட்டவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இதை வாங்க வேண்டும். என்ன கருவி பொருத்த வேண்டும் போன்ற நிபந்தனைகள் அதிலேயே இருக்கும்.

சரி, மீறினால் நிரூபிப்பது எப்படி?

(திரையில்: முத்திரையிட்ட கலன், இரண்டு கையெழுத்துகள்)

26ஆம் பிரிவைப் பாருங்கள். புகையின் மாதிரி எடுக்கும் அதிகாரி, அதை ஆய்வுக்கு அனுப்பப் போவதாக ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் தர வேண்டும். அவர் கண் முன்னால் எடுத்து, கலனில் அடைத்து, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறையில் கோட்டை விட்டால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆலைக்காரர் வேண்டுமென்றே நழுவிவிட்டால்? அதிகாரி மட்டும் கையெழுத்திட்டால் போதும். சட்டம் எழுதியவர்கள் ஆளைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்!

1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. 1987இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் வந்ததுதான் 31ஏ பிரிவு: வாரியமே ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்துக்கும் பல் இங்கேதான் இருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கரண்ட் போனால் ஆலை அன்றைக்கே நின்றுவிடும்.

(திரையில்: தூத்துக்குடி வரைபடம்)

இசைவாணையின் கனத்துக்குத் தூத்துக்குடி உதாரணம். 2018 ஏப்ரலில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. மே மாதம், போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள்; அதன் பிறகே ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போயும் 2024 பிப்ரவரியில் மனு தள்ளுபடியானது.

அப்புறம், தண்டனை. வரம்பை மீறிப் புகை விட்டால் ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை எடுத்துவிட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு தொகையா?

நாம் சுவாசிக்கும் காற்றுக்கான வரம்பும் தாராளம்தான். நுண்துகள் பிஎம் 2.5க்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5.

இன்னொரு சிக்கல்: இது ஆலைகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். டெல்லியை மூச்சுத் திணற வைப்பதில் வண்டிப் புகைக்கும் சாலைத் தூசிக்கும் வைக்கோல் எரிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இவற்றில் எதுவும் இசைவாணை கேட்டு வருவதில்லை. பஞ்சாபில் எரிந்தால் டெல்லி இருமும். அதனால்தான் மாநில எல்லை தாண்டி உத்தரவு போட, தலைநகர வட்டாரத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் மட்டும் 2021இல் தனிச் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். மற்ற ஊர்களுக்கு இன்னும் அந்த 1981 சட்டம்தான்.