கிணற்றில் விழுந்த கல்லின் சராசரி வேகம்

நேயர்களுக்கு வணக்கம். நான் இயற்பியல் வாத்தியார், அதனால் கையில் ஒரு கல்லோடு வந்திருக்கிறேன். ஸ்டூடியோவில் கிணறு இல்லை, நீங்கள்தான் மனதுக்குள் ஒன்று தோண்டிக்கொள்ள வேண்டும்.

கல்லை வீசாமல் சும்மா கைவிடுகிறோம். சரியாக 2 நொடியில் தண்ணீரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புவியீர்ப்பு ஒவ்வொரு நொடியும் வேகத்தில் 9.8 மீட்டர் கூட்டிக்கொண்டே போவதால் கடைசியில் கல்லின் வேகம் நொடிக்கு 19.6 மீட்டர். (பாடப்புத்தகம் திசைவேகம் என்னும், கல் ஒரே திசையில் நேராக விழுவதால் நான் வேகம் என்றே சொல்லிவிடுகிறேன்.) தொடக்கம் சுழி, முடிவு 19.6, கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 9.8. 2 நொடியால் பெருக்கினால் தண்ணீர் 19.6 மீட்டர் ஆழத்தில். இதுவரை பிள்ளைகள் தடதடவென்று போட்டுவிடுவார்கள்.

அப்புறம் கேட்பேன்: கல் எங்கே இருந்தபோது அந்த 9.8 வேகம் வந்தது? "பாதிக் கிணற்றில் சார்!" வகுப்பே சேர்ந்து சொல்லும். இல்லை. அந்த வேகம் வந்தது 1 நொடி முடிந்தபோது, அப்போது கல் இறங்கியிருந்தது வெறும் 4.9 மீட்டர், அதாவது கால்வாசி. பாதி ஆழத்தைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய 13.9 ஆகிவிடும். நடு என்றால் நேரத்தின் நடு, தூரத்தின் நடு அல்ல.

தொடக்கத்தையும் முடிவையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி வருவது ஏன்? அரை நொடியில் வேகம் 4.9, ஒன்றரை நொடியில் 14.7. 9.8ஐ விட முன்னதில் எவ்வளவு குறைவோ பின்னதில் அவ்வளவு கூடுதல், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும், 1 நொடிக்கு முன்னும் பின்னும் சம இடைவெளியில் எந்த ஜோடியை எடுத்தாலும் இதே கதைதான். 14ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள், பிரான்சின் அறிஞர் நிக்கோல் ஒரெம் முக்கோணம் வரைந்து காட்டினார். விழும் பொருளுக்கு இதைப் பொருத்தி கலிலியோ புத்தகம் போட்டது 1638இல்.

முடுக்கம், அதாவது நொடிக்கு நொடி வேகம் மாறும் அளவு, சீராக இல்லாவிட்டால் இந்தப் பாதிக் கணக்கு உதவாது. கிளம்பி 10 நொடியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்து, பிறகு ஒரு மணி நேரம் அதே வேகத்தில் போகும் பஸ்ஸின் சராசரி 30 என்று எழுதினால் நடத்துநரே சிரிப்பார்.

பிரேக்குக்கும் இதே கணக்குதான். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் கார் சீராகக் குறைந்து 4 நொடியில் நிற்கிறது, மொத்தம் 40 மீட்டர். முதல் 2 நொடியில் எவ்வளவு போயிருக்கும்? 20 இல்லை, 30. முப்பதாவது மீட்டரில் ஆட்டுக்குட்டி நின்றால், கார் அதை எட்டும்போது இன்னும் நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் மிச்சமிருக்கும்.