நம்பர் கூட குடுக்காத ரெண்டு ஒலிம்பிக்ஸ்

வணக்கம் நேயர்களே. குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 1936ல நடந்தது நாலாவது, அடுத்து 1948ல நடந்தது அஞ்சாவது, நடுவுல பன்னெண்டு வருஷத்த காணோம். கோடைப் போட்டியிலயாவது நடக்காததுக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க, பனிப் போட்டிக்கு அந்த மரியாதையும் இல்ல.

1940 போட்டிய மொதல்ல ஜப்பான்ல சப்போரோவுக்குத்தான் குடுத்தாங்க, சீனாவோட சண்டை இழுத்துக்கிட்டே போனதுல 1938ல அவங்களே வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்புறம் சுவிட்சர்லாந்துல செயின்ட் மோரிட்ஸ். அங்க வேற தகராறு, ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு, சொல்லிக்குடுத்து சம்பளம் வாங்குறவன் அமெச்சூரா, அதாவது காசுக்காக இல்லாம ஆடுறவனா, இல்லையான்னு அடிச்சுக்கிட்டே அதுவும் கைவிட்டுப் போச்சு. கடைசியில 1939 ஜூன்ல யாருக்குக் குடுத்தாங்க தெரியுமா? ஜெர்மனிக்கு! 1936ல நடத்துன அதே கார்மிஷ்-பார்டன்கிர்ஹெனுக்கு, அதுவும் அந்த வருஷம் மார்ச்லதான் பிராக் நகரத்துக்குள்ள படையோட நுழைஞ்சவங்களுக்கு, என்ன நெனப்புல குடுத்தாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. செப்டம்பர்ல போலந்துக்குள்ள புகுந்தாங்க, ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சுருச்சு, நவம்பர்ல போட்டியே கெடையாதுன்னு ஆச்சு.

1944 இத்தாலியில கோர்ட்டினாவுல நடக்கணும், அதுவும் நடக்கல. ஆனா அதே ஊர்ல 1941ல, போருக்கு நடுவுலயே, ஸ்கீ உலக சாம்பியன்ஷிப்னு ஒண்ணு நடத்துனாங்க, 1946ல சர்வதேச ஸ்கீ சம்மேளனம் அது செல்லாதுன்னு அடிச்சுருச்சு.

ஊருங்களுக்கெல்லாம் பின்னாடி கெடச்சிருச்சு, செயின்ட் மோரிட்ஸுக்கு 1948, கோர்ட்டினாவுக்கு 1956, சப்போரோவுக்கு 1972. ஆளுங்க கதைதான் வேற. போலந்து ஸ்கீ வீரர் ப்ரோனிஸ்வாஃப் செக், மூணு ஒலிம்பிக்ஸ் ஆடுனவரு, நாஜிகள எதிர்த்து ரகசியமா வேலை செஞ்சவர 1940ல புடிச்சு ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல போட்டாங்க, 1944ல அங்கயே செத்துட்டாரு. நார்வேயோட பிர்கர் ரூட், 1932லயும் 1936லயும் ஸ்கீ ஜம்பிங்ல தங்கம், நார்வேய நாஜிங்க புடிச்சு வச்சிருந்தப்ப அவங்க நடத்துற போட்டியில குதிக்க மாட்டேன்னாரு, அவரையும் அங்க இருந்த கிரினி சிறை முகாம்ல அடைச்சாங்க. உயிரோட வந்துட்டாரு. 1948ல செயின்ட் மோரிட்ஸுக்குக் கோச்சாத்தான் போனாரு, வானிலை சரியில்ல, அனுபவம் இல்லாத பையன அனுப்ப மனசு வரல, நானே குதிக்கிறேன்னு எறங்கிட்டாரு. 36 வயசுல வெள்ளி. தங்கம் வாங்குன பெட்டர் ஹூக்ஸ்டெட்டும் நார்வேக்காரர்தான், போர் ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 18.