எட்டில் வைத்த விரல்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம். புற்றுநோய் வந்தவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. "ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்புங்க சார்" என்றுதான் கூட வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். அதுதான் என் வேலை என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது. கூடவே மகன். "அம்மாவுக்குக் கேன்சர்னு தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே காதைக் கடித்தான். முடி கொட்டி, தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தெரியாதாம்! உள்ளே வந்த பிறகும் எல்லாக் கேள்விக்கும் அவனே பதில் சொன்னான்.

எங்களிடம் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. தாளில் வரைந்த படம்தான். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை கோடு. போன ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு தவித்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நான்கோ அதற்கு மேலோ என்றால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும். நியூயார்க்கில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1990-களில் உருவாக்கியது. மனநோய் என்று சொன்னால் ஆட்கள் கூச்சப்படுவார்கள் என்றே 'தவிப்பு' மாதிரியான சாதாரண வார்த்தையை எடுத்தார்கள். 'பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்' என்ற பேச்சு அங்கேயும் இருந்திருக்கும் போல.

அந்த அம்மா எட்டில் விரல் வைத்தார். சாவு பயம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஆறுதல் சொன்னேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறையும் எட்டு. மூன்றாம் முறை தாளைப் பார்க்கவே இல்லை.

படத்தோடு ஒரு பட்டியலும் இருக்கும்: வலி, தூக்கம், பணம், போக்குவரத்து என்று. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று அதை விட்டுவிட்டிருந்தேன். அன்று மகன் போன் பேச வெளியே போயிருந்தான். ஒவ்வொன்றாக வாசித்தேன். பணம் என்றதும் நிமிர்ந்தார்.

"சினை மாடு சார். ஊசி போட்ட வாரமெல்லாம் எழுந்திருக்க முடியல. இவன் அதை வித்துடப் பாக்குறான்."

எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் எழுதியது, நான் பரீட்சைக்குப் படித்ததுதான். எதற்காகப் பேசுகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஆலோசனை சொல்பவர், கேட்க வந்தவர் இருவருக்கும் உடன்பாடு வேண்டும். அப்புறம், ஒருவர்மேல் ஒருவருக்குப் பிடிப்பு வேண்டும். எங்களுக்குள் பிடிப்பு இருந்தது, "சாப்பிட்டீங்களா சார்" என்று கேட்கிற அளவுக்கு. ஆனால் நான் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் மாட்டை நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் சொன்னதை வீட்டாரிடமும் நானாகச் சொல்லக் கூடாது. அதனால் அவரைக் கேட்டுக்கொண்டுதான் மகனிடம் மாட்டு விஷயத்தை எடுத்தேன். அவன் கேட்ட ரகசியத்துக்கும் பதில் சொன்னேன்: "நானா சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அம்மா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்." முகம் சுண்டிப்போனான்.

மாடு ராயக்கோட்டையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனது. அடுத்த முறை விரல் ஐந்தில் நின்றது.

"மீதி அஞ்சு என்னம்மா?" என்றேன்.

மகனை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இது கேன்சர்தானே சார்?" என்றார்.