பிள்ளைத்தாச்சியின் மனமும் நமது வீடுகளும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கருவுற்ற பெண்ணொருத்தி கிராமத்துக் கிளினிக்குக்குப் போனால் அவளுடைய நிறை பார்க்கப்படுகிறது, இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது, இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன, வயிற்றில் கைவைத்துப் பிள்ளையின் வளர்ச்சி கணிக்கப்படுகிறது. திரிபோஷா என்ற சத்துமாவையும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள். இவையெல்லாம் கிராமந்தோறும் ஒழுங்காக நடப்பது நமது நாட்டின் பெரிய பேறு. ஆனால் அதே பெண் முந்தைய இரவு முழுவதும் உறங்காமல் முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தாள் என்பது, யாராவது கேட்டு அவளும் வாய் திறந்தால் மட்டுமே தெரியவரும். மட்டக்களப்பில் உளநலப் பணியில் ஈடுபட்டுள்ள வைத்தியர் என்ற முறையில், கேட்கப்படாமல் போகும் அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகளவில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 10 வீதமானோர் ஏதோவொரு உளநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர். வளர்முக நாடுகளில் இது 15.6 வீதமாக உயர்கிறது. கிளினிக் வாங்கில் ஆறேழு கர்ப்பிணிகள் அமர்ந்திருந்தால் அவர்களில் ஒருத்தி இவ்வாறு வருந்துகிறாள் என்று கொள்ளலாம். பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வைப் பற்றி நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அதில் கணிசமான பகுதி பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் போதிய அளவுக்கு நாம் உணரவில்லை.

உணராமைக்குக் காரணம் உண்டு. சாப்பாட்டில் மனமின்மை, உறக்கக் குறைவு, களைப்பு ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். கர்ப்பத்தின் இயல்புகளும் அவையே. ஆகவே "வயித்துப் பிள்ளைக்காரிக்கு இதெல்லாம் இருக்கும்தானே, பிள்ளை கிடைச்சா சரியாப் போயிடும்" என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைக் கண்டறிய வேறு சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முன்பு விரும்பிச் செய்தவற்றில், அது கோயிலுக்குப் போவதாக இருக்கலாம், தங்கையோடு கதைத்துச் சிரிப்பதாக இருக்கலாம், இப்போது அவளுக்கு எந்த நாட்டமும் இல்லாதிருப்பது; எல்லாவற்றுக்கும் தன்னையே குற்றஞ்சொல்வது; இனி எதுவும் சரிவராது என்ற எண்ணம்; காரணமின்றி அழுவது. இவை இரண்டு வாரங்களுக்கு மேலாக அநேகமாக ஒவ்வொரு நாளும் நீடித்தால், அதை மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் இதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் அவசியமாகலாம்.

பதகளிப்பு, அதாவது ஓயாத பயமும் பதற்றமும், இன்னொரு வகையானது. முன்பு கரு கலைந்தவர்களிடமும் பிள்ளையை இழந்தவர்களிடமும் அது கூடுதலாகக் காணப்படும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்த ஒரு தாயை நான் மறந்ததில்லை. முதற்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. இரண்டாம் முறை ஏழு மாதமாகியும் அவள் பிள்ளைக்கென ஒரு துணியும் எடுத்துவைக்கவில்லை. பிள்ளை பிறக்குமுன் சட்டை வாங்குவதை நமது ஊர்களிற் பலர் தவிர்ப்பதால், வீட்டார் அதை வழக்கமென்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் அவள் தன் வயிற்றைத் தொடுவதையே நிறுத்திவிட்டிருந்ததைக் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிஸ்ஸி என்று அழைக்கும் அந்தக் கிராமத்து மருத்துவமாது, கண்டுகொண்டார். தாயாரைத் தேநீர் ஊற்ற அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டபோது அவள் சொன்னாள்: "இதுவும் போயிடும் மிஸ்ஸி. நான் ஏன் இதோட பழகணும்?" அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் அவளை எங்களிடம் அழைத்துவந்தார். வாராவாரம் பேசினோம், அக்கா இரவில் அவளருகே படுத்துக்கொண்டாள். பெண்பிள்ளை நலமாகப் பிறந்தது. தாய்க்கு முற்றாகத் தெளிவு வர, பிள்ளை பிறந்தபின் மேலும் பல மாதங்கள் எடுத்தன.

தனியாகக் கேட்டபோது என்று சொன்னேன். அந்தச் சொல்லை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணவனோ தாயோ மாமியோ பக்கத்தில் இருக்கும்வரை வரும் விடை "ஒண்டுமில்ல மிஸ்ஸி" என்பதுதான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி அவனுக்கு முன்னால் எந்தப் பெண் சொல்வாள்?

கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் பழைய வழமை. இதனால் நமது பிள்ளைத்தாச்சிகளிற் பலர் தாயின் அருகிலேயே, சகோதரிகள் வாழும் அதே வளவிலோ ஒழுங்கையிலோ இருக்கிறார்கள். மனத்துக்கு இதைவிடப் பெரிய காவல் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தக் காவல் இன்று பல வீடுகளில் தளர்ந்திருக்கிறது. அருகிலிருக்க வேண்டிய தாய் குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்கிறாள். கணவன் கட்டாரில் இருக்கிறான். கட்டிய வீட்டின் பேரில் கடன் நிற்கிறது. நுண்கடன் தவணை கேட்டு வாரந்தோறும் ஆள் வரும் நாளில் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் கர்ப்பிணிக்கு, மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள் என்று அறிவுரை சொல்வது போதாது. உளவளத்துணையோடு கடனுக்கும் வழி தேட வேண்டும்.

கேட்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஸ்கொட்லாந்தில் உருவாக்கப்பட்டு 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் 10 கேள்விகளைக் கொண்டது. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, வரப்போவதை ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தீர்களா என்பது போன்ற எளிய கேள்விகள். பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதைக் கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு இருப்பவளுக்குக் கேட்கப்படுவது ஆறுதலாகவே அமைகிறது.

கேட்டபின் என்ன செய்வது? பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளை உளநல நிபுணரல்லாத கிராமியச் சுகாதாரப் பெண் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடு தேடிச் சென்று பேசினார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிள்ளை பிறந்து ஆறு மாதமானபோது, அவர்கள் பேசிய தாய்மாரில் 23 வீதமானோரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. அந்த உதவி கிடைக்காதோரில் 53 வீதமானோரிடம் இருந்தது. வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர்களைக் கொண்ட நமக்கு, இது எட்டாத காரியமன்று.

கடுமையான மனச்சோர்வுக்கு மருந்தும் தேவைப்படலாம். கர்ப்பகாலத்தில் வைத்தியரின் மேற்பார்வையில் எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே உளநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கரு தங்கியது தெரிந்தவுடன் தாமாக அதை நிறுத்திவிடுவது நான் அடிக்கடி காணும் ஆபத்து. நோய் திரும்பத் தாக்கும். சோடியம் வல்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் சிசுவைப் பாதிக்கும் என்பதும் உண்மை. ஆகவே பிள்ளை பெற எண்ணும்போதே வைத்தியரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரசவமான முதலிரு வாரங்களில் ஒரு தாய் உறக்கமேயின்றி, தொடர்பற்றுப் பேசி, இல்லாத குரல்களைக் கேட்பதாகச் சொன்னால் அது அவசர நிலை. பார்வை பார்ப்பவரிடமோ ஓதித் தருபவரிடமோ போவதை நான் தடுக்கவில்லை. அதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது.

வெளிநாட்டில் இருந்து வீட்டாரோடு தொலைபேசியில் பேசும் கணவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். சுற்றிலும் ஆட்கள் கூடியிருக்கும் நேரத்து அழைப்பில் உங்கள் மனைவி நலம் என்றுதான் சொல்வார். அவர் தனித்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, அப்போதும் ஒருமுறை அழையுங்கள். இரவில் உறங்குகிறாரா என்று கேளுங்கள். பதில் கவலை தந்தால் குடும்ப நல உத்தியோகத்தருக்கு அறிவிக்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

வணக்கம்.