‘சீனி சேர்க்கப்படவில்லை’ பிஸ்கட்டில் அயடீன் விட்டுப் பார்த்தேன்!

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஹட்டன் மார்க்கெட் வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த கிழமை வரும். இந்தப் பக்கெட்டைப் பற்றிப் பேசாமல் இன்றைக்கு என்னால் இருக்க முடியாது. பெயரை விரலால் மறைத்துத்தான் பிடித்திருக்கிறேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘சீனி சேர்க்கப்படவில்லை’. பக்கத்திலேயே ஒரு பச்சை இலைப் படம். விலை 540 ரூபா. ஐந்நூற்று நாற்பது! உள்ளே பன்னிரண்டே பிஸ்கட். அந்தக் காசுக்கு இரண்டு கிலோ கோதுமை மா வாங்கி வீடு முழுக்க ரொட்டி சுடலாம். சாதாரண பிஸ்கட்டை விட இரண்டு மடங்குக்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும்? அந்த இலைப் படத்துக்கா?

அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருப்பது பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னேரம் பிளேன்டீயோடு கடிக்க ஏதாவது வேண்டும் என்பார். அதற்காகத்தான் சித்தி டவுனுக்குப் போனபோது ஆசையாக இதை வாங்கி வந்தார்.

சரி, பின்பக்கம். பொருட்களில் முதலாவது கோதுமை மா. இரண்டாவது மோல்டோடெக்ஸ்ட்ரின், மாப்பொருளை வெட்டி எடுத்த ஒரு பொருள். கீழே இருக்கும் அட்டவணையில் 100 கிராமுக்குச் சீனி 2 கிராம், மொத்தக் காபோவைதரேற்று, அதாவது சீனியும் மாப்பொருளும் எல்லாம் சேர்ந்தது, 70 கிராம். இடையில் இருக்கும் 68 கிராமைப் பற்றி முன்பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். தனி அலகாக இருப்பவை ஒருசக்கரைட்டுகள்: குளுக்கோசு, பிரக்டோசு, கலக்டோசு. மூன்றிலும் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6தான். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. இரண்டு அலகு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி இருசக்கரைட்டு உண்டாகும். நாம் தேத்தண்ணியில் போடும் சீனி, அதாவது சுக்குரோசு, குளுக்கோசும் பிரக்டோசும் சேர்ந்தது. பாலில் இருக்கும் லக்டோசு குளுக்கோசும் கலக்டோசும். மோல்டோசு இரண்டு குளுக்கோசு. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் பல்சக்கரைட்டு. கோதுமை மாவில் இருக்கும் மாப்பொருள் முழுக்க முழுக்கக் குளுக்கோசுதான். மோல்டோடெக்ஸ்ட்ரின் என்பது அந்த மாப்பொருளைத் தொழிற்சாலையில் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுத்தது. நாக்குக்கு இனிப்பே தெரியாது, தெரிந்தாலும் கொஞ்சம்தான். ஆனால் இரத்தத்தில் ஏறும் வேகத்தில் தனிக் குளுக்கோசுக்கு அருகில் நிற்கும், சீனியை விடவும் வேகம். சீனியில் பாதி பிரக்டோசு, இதில் அத்தனையும் குளுக்கோசு. சீனி வருத்தக்காரருக்கு இதையா கொடுப்பது?

இப்போது அயடீன், மாப்பொருள் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை. புண்ணுக்குப் போடும் அயடீன் மருந்தைப் பார்மசியில் வாங்கி, வெளிர் மஞ்சள் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்தேன். பிஸ்கட் தூளில் ஒரு சொட்டு, ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு. இரண்டும் கருநீலம்! மாப்பொருளில் அமைலோசு என்று ஒரு பகுதி இருக்கிறது. அது ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோசு வீதம் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயடீன் போய் உட்காரும்போதுதான் நீலம் வருகிறது. மாப்பொருளில் பெரும்பகுதியான அமைலோபெக்டின் கிளை விட்டது, அதில் நிறம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் போகும்.

அடுத்ததுதான் பெரிய வேலை. ரொட்டித் தூளை இரண்டு கோப்பையில் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, ஒன்றில் மட்டும் உமிழ்நீர் சேர்த்தேன். உமிழ்நீரில் இருக்கும் அமைலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்ட வேண்டும், நீலம் மறைய வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் கழித்து அயடீன் விட்டாலும் நீலமே வந்தது! நம் ஊர்க் குளிர் தெரியும்தானே, மழை வேறு, ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி மூட்டம். அமைலேசு நன்றாக வேலை செய்வது உடல் வெப்பநிலையில், 37 பாகை செல்சியசை ஒட்டி. சமையலறையில் அதன் பாதி கூட இருந்திருக்காது. அதனால் கோப்பையை இளஞ்சூட்டுத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி, ஆற ஆறச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் போக ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தால் ஊதா. இன்னும் கொஞ்சம் போக செம்பழுப்பு. கடைசியில் அயடீனின் மஞ்சள் மட்டும்! நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படிக்கே ஓடி வந்துவிட்டார். உமிழ்நீர் விடாத மற்றக் கோப்பை அதே சட்டியில்தான் இருந்தது, அது நீலமாகவே நின்றது. இந்தக் காட்சியை இன்னும் ஒருமுறை போடுகிறேன், பாருங்கள். எவ்வளவு அழகு!

வாயில் தொடங்கும் இந்த வேலை இரைப்பையில் அமிலம் பட்டதும் நின்றுவிடும். பிறகு சதையியிலிருந்து (கணையம்) வரும் அமைலேசு சிறுகுடலில் தொடர்கிறது. அதன்பின் மிஞ்சுவது மோல்டோசும் சிறு துண்டுகளும். குடல் சுவரில் இருக்கும் நொதியங்களில் மோல்டேசு போன்றவை அவற்றையும், சுக்குரேசு சீனியையும், லக்டேசு லக்டோசையும் தனித்தனி அலகாகப் பிரித்துவிடும். குடல் உறிஞ்சுவது தனி அலகைத்தான். அதனால் ரொட்டியோ சோறோ இந்த பிஸ்கட்டோ, குடல் சுவரைத் தாண்டும்போது குளுக்கோசு.

ஆ, செடிகளின் நார்ப்பொருளான செலுலோசைச் சொல்ல மறந்துவிட்டேன். அதுவும் முழுக்கக் குளுக்கோசுதான், ஆனால் அலகுகளை இணைப்பது மாப்பொருளில் இருக்கும் அல்பா பிணைப்புக்குப் பதிலாகப் பீற்றா பிணைப்பு. அந்த ஒரு திருப்பத்தை வெட்ட நம்மிடம் நொதியம் கிடையாது. மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன, அதற்குப் புல்லே சாப்பாடு. நமக்குக் கீரையின் செலுலோசு நாராக வெளியே போய்விடும், மலச்சிக்கலுக்கு நல்லது.

உள்ளே போன குளுக்கோசில் மிச்சத்தை ஈரலும் தசையும் கிளைக்கோசனாகச் சேமிக்கும். இது அமைலோபெக்டினை விட நெருக்கமாகக் கிளை விட்டது, 8 முதல் 12 அலகுக்கு ஒரு கிளை. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைப் பாருங்கள், எத்தனை நுனி இருக்கிறதோ அத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் கொழுந்து கிள்ளலாம். கிளைக்கோசனிலும் அப்படியே, பல நுனிகளில் ஒன்றாகக் குளுக்கோசை எடுக்கலாம். மலை ஏறிக் கொழுந்து பறிப்பவரின் காலுக்கு உடனே சக்தி வருவது தசையில் இருக்கும் இந்தக் கையிருப்பிலிருந்துதான்.

இன்னொன்று, உறிஞ்சும் விதம். குளுக்கோசு குடல் சுவருக்குள் நுழையும்போது சோடியத்தையும் கூடவே கூட்டிப்போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியில் குளுக்கோசு இருப்பது இதற்காகத்தான், ருசிக்காக இல்லை. குளுக்கோசும் சோடியமும் சரியான அளவில் இருக்க வேண்டும். பக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். எனக்கு இந்த முழுப் பாடத்திலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

உணவுப் பக்கெட்டுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் பார்த்திருப்பீர்கள். அது சீனி, உப்பு, கொழுப்புக்கு. மாப்பொருளுக்கு நிறம் கிடையாது. அதனால் சீனி வருத்தம் உள்ள வீட்டில் ‘மொத்தக் காபோவைதரேற்று’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

போன வீடியோவில் ஒரு தங்கச்சி, பால் குடித்தால் வயிறு ஊதுகிறது, தயிர் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை, ஏன் என்று கேட்டிருந்தார். வளர்ந்தபின் நிறையப் பேருக்கு லக்டேசு குறைந்துவிடும். உடையாத லக்டோசு பெருங்குடல் வரை போகும், அங்கே பற்றீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும். பாலைத் தயிராக உறைய வைத்த பற்றீரியாக்கள் லக்டோசில் ஒரு பகுதியை முன்கூட்டியே தின்றுவிடுகின்றன, மிச்சத்தைக் குடலில் உடைக்கவும் உதவுகின்றன. அதனால் தங்கச்சி, தயிரைப் பயப்படாமல் சாப்பிடுங்கள்.